இலை உதிர்வது எக்காலம்?

சென்ற ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தபோது, ஆறாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் நம்மிடம் வந்து நின்றான். கையில் பள்ளிப் பாடநூல் இருந்தது. "சாமி, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம் என்று இதில் போட்டிருக்கிறது. நம்ம கோயில் வாகை அப்போது பச்சைப்பசேலென்று நின்றதே? இப்போதுதானே மொட்டையாக நிற்கிறது! புத்தகம் தப்பா, மரம் தப்பா?" என்று கேட்டான்.

நாம் சிரித்து, "இரண்டும் தப்பில்லை, தம்பி" என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டோம். அது விடையாகாது என்பது அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அன்று மாலை முற்றத்தில் உட்கார்ந்து அந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். சிறுவனுக்குத் தரவேண்டிய முழு விடையை இத்திங்கள் இப்பகுதியிலே எழுதிவிடுவது நன்று என்று தோன்றிற்று. பெற்றோர் படித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முதலில் காலக் கணக்கைப் பார்ப்போம். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என நம் முன்னோர் ஆண்டை ஆறு பொழுதுகளாகப் பகுத்தனர். இவற்றுள் 'இலையுதிர் காலம்' என ஒன்று இல்லை. அச்சொல் குளிர்நாட்டவர் வகுத்த நான்கு பருவங்களுள் ஒன்றைத் தமிழ்ப்படுத்தியதால் வந்தது. அந்நாடுகளில் மரங்கள் இலையைக் கொட்டும் ஐப்பசி கார்த்திகையில் நம் கம்பம் பள்ளத்தாக்கிலே அடைமழை. ஆண்டிலேயே மரங்கள் மிகுந்த செழிப்போடு நிற்கும் நாள்கள் அவையே. நம்மூரில் இலை உதிர்வது தை பிறந்து பனி விலகும்போது தொடங்கி மாசி, பங்குனியில் முற்றும். பழனிசெட்டிபட்டியிலிருந்து போடிக்கோ கம்பத்துக்கோ பேருந்தில் செல்வோர் இந்நாள்களில் சன்னல் வழியே மலையடிவாரத்தைப் பார்த்தால் காடு முழுவதும் சாம்பல் நிறமாய்க் கிடப்பதைக் காணலாம். தேக்கும் இலவும் வாகையும் எலும்புக்கூடுகள்போல் நிற்கும்.

குளிர்நாட்டு மரத்துக்கும் நம் மரத்துக்கும் பகை வெவ்வேறு, தற்காப்பு ஒன்றே. அங்கே பகை பனி. நிலத்தடி நீர் உறைந்துபோனால் வேர் அதை உறிஞ்ச முடியாது. மெல்லிய அகன்ற இலையும் உறைந்து கெட்டுப்போகும். ஆகவே குளிர் வருமுன் மரம் இலைகளைக் கழற்றிவிடுகிறது. குளிர் வரப்போவதை அது எவ்வாறு அறிகிறது? பகலின் நீளத்தைக் கொண்டே பெரும்பாலும் அறிகிறது. லண்டன் மாநகரில் கோடையின் நெடும்பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். குளிர்காலத்தின் குறும்பகல் 8 மணி நேரத்துக்கும் குறைவு. இவ்வளவு பெரிய வேறுபாட்டை மரம் பஞ்சாங்கம்போல் பயன்படுத்திக்கொள்கிறது. அந்நாடுகளில் தெருவிளக்கை ஒட்டி நிற்கும் மரங்கள், விளக்கொளியைப் பகலென்று மயங்கி, மற்ற மரங்களைவிடச் சில நாள்கள் கழித்தே இலை உதிர்ப்பதுண்டு. நம் தேனிப் பகுதியிலோ நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதி, அவ்வளவுதான்.

நமக்குப் பகை வறட்சி. வேர் உறிஞ்சும் நீரில் நூற்றில் 97 பங்குக்கும் மேல் இலையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே ஆவியாய்ப் போய்விடுகிறது. மரம் தன் உடம்பில் வைத்துக்கொள்வது எஞ்சிய சிறு பங்கே. இது வீண்செலவு போலத் தோன்றும். ஆயினும் காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே இழுத்து உணவு சமைக்க வேண்டுமானால் அத்துளைகளைத் திறந்தாக வேண்டும். திறந்தால் நீர் போகும். மழைக்காலத்தில் இதனால் கேடில்லை. மாசி மாதத்து வெயிலில் மண் காய்ந்துவிட்டபின் இலைகள் மேலிருந்து நீரை இழுத்துக்கொண்டேயிருந்தால், தண்டிலுள்ள நுண்குழாய்களில் நீர்த்தொடர் அறுபட்டுக் காற்றுக் குமிழிகள் புகுந்துவிடும். கிணற்று மோட்டார் காற்று வாங்கினால் நீர் ஏறாதல்லவா? அதுபோலத்தான். குழாய்கள் பல அடைபட்டால் கிளை பட்டுப்போகும், பிறகு மரமே பட்டுப்போகும். அந்நிலை வருமுன் மரம் இலைகளை விட்டுவிடுகிறது. வருவாய் நின்ற காலத்தில் செலவையும் நிறுத்தும் குடும்பத் தலைவியின் கணக்கு இது.

இதற்குக் கண்கூடான சான்று நம் பள்ளத்தாக்கிலேயே உண்டு. மேற்கு மலையின் அப்புறம் கேரளச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. அங்கே ஆண்டு முழுதும் பசுமை மாறாத காடுகள் உள்ளன. அதே மலையின் இப்புறம் மழை மறைவு. ஆதலால் நம் அடிவாரக் காடுகள் இலையுதிர் காடுகளாயின. ஒரு மலை முகடு நடுவே நிற்பதால் இவ்வளவு வேறுபாடு! இனி, ஒரே இன மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, நம் பழனிசெட்டிபட்டியைத் தழுவி வைகைக்குச் செல்கின்றது. அந்த ஆற்றங்கரையில் நிற்கும் வேம்பு பெரும்பாலும் முழு மொட்டையாவதில்லை. பழுத்த இலை விழுமுன்னரே தளிர் வந்துவிடுகிறது. இரண்டு கல் தொலைவிலுள்ள கரட்டில் நிற்கும் வேம்போ சில நாள்கள் குச்சிகுச்சியாய் நிற்கும். விதை ஒன்றே, காலடியில் உள்ள ஈரமே வேறு.

இலை எவ்வாறு உதிர்கிறது என்பது ஏன் உதிர்கிறது என்பதைவிட வியப்புக்குரியது. காய்ந்துபோவதால் விழுகிறது, காற்றடிப்பதால் விழுகிறது என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். அது சரியன்று. திருவிழாப் பந்தலுக்கு வெட்டிக் கட்டிய மாங்கிளையைப் பாருங்கள். இலை சுருண்டு சருகாகி, கொடியிறக்கமும் முடிந்து, பந்தலைப் பிரிக்கும் நாள்வரை அது காம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும்; எவ்வளவு காற்றடித்தாலும் எளிதில் விழாது. செத்த கிளை இலையை உதிர்ப்பதில்லை. உயிருள்ள கிளையே உதிர்க்கிறது. உதிர்ப்பது மரம் செய்யும் ஒரு வேலை.

அந்த வேலை நடைபெறும் முறை இது. இலைக்காம்பு கிளையோடு சேரும் இடத்தில், சில அடுக்கு நுண்ணறைகள் தொடக்கமுதலே தனியாய் அமைந்துள்ளன. இலை நலமாய் வேலை செய்யும்வரை, அது 'ஆக்சின்' எனும் வளர்ச்சிப் பொருளைக் காம்பு வழியே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது வந்துகொண்டிருக்கும் மட்டும் அந்த அறைகள் உறங்கிக்கிடக்கும். இலை முதிர்ந்தோ வறட்சியால் நலிந்தோ ஆக்சின் குறையும்போது 'எத்திலீன்' எனும் வாயுவின் ஆட்சி தொடங்குகிறது. வாழைத்தாரை அறையில் அடைத்துப் புகைமூட்டம் போடுகிறோமே, அந்தப் புகையில் இருந்து காயைப் பழமாக்குவதும் இதே வாயுதான். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் எரிவாயுத் தெருவிளக்குகளின் குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் காலமல்லாக் காலத்தில் இலை கொட்டின. காரணம் விளங்காமலிருந்தது. அவ்வாயுவில் உள்ள எத்திலீனே செடிகளை இவ்வாறு பாதிக்கிறது என்பதை 1901இல் ரஷ்ய நாட்டு அறிவியலார் திமித்ரி நெல்யூபோவ் வெளியிட்டார்.

எத்திலீனின் தூண்டுதலால் அந்த அறைகள் சில நொதிகளைச் சுரக்கின்றன. நொதிகள், செங்கற்களை இணைக்கும் சாந்து போல அறைகளை ஒட்டவைத்திருக்கும் பசையைக் கரைத்துவிடுகின்றன. அப்போது இலை ஏறக்குறைய நீர்க்குழாய் நரம்பு ஒன்றினாலேயே தொங்குகிறது. ஒரு சிறு காற்று, ஒரு காகத்தின் அசைவு போதும். இதனிடையே கிளைப் பக்கத்தில் தக்கை போன்ற ஒரு படலம் உண்டாகிப் புண்ணை மூடிவிடுகிறது. நீர் கசியாது, பூஞ்சணம் புகாது. பப்பாளித் தண்டில் வரிசையாய்க் காணப்படும் தழும்புகள் யாவும் இவ்வாறு ஆறிய புண்களே. பனைக்கு இந்த வசதி இல்லை. காய்ந்த காவோலை மரத்திலேயே தொங்கிக்கிடக்கும், ஏறி வெட்டினாலொழிய. குருத்தோலை ஞாயிறுக்கு ஓலை வெட்ட ஏறுபவர்களுக்கு இது நன்கு தெரியும்.

கழற்றுமுன் மரம் வெறுங்கையோடு இலையை அனுப்புகிறதா? அனுப்புகிறது, ஆனால் அதன் கையிலிருப்பதைப் பெரும்பாலும் வாங்கிக்கொண்டுதான். இலையின் பச்சையத்தை உடைத்து, அங்குள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறக்குறையப் பாதியைக் கிளைக்கும் தண்டுக்கும் மீட்டுக்கொள்கிறது. பச்சை போய்விட்டபின், முன்னரே உள்ளே மறைந்திருந்த மஞ்சள் நிறப்பொருள் வெளித்தெரிகிறது. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று நம் மொழி இலையின் ஐந்து பருவங்களுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. அவற்றுள் 'பழுப்பு' என்பது மரம் தன் கடனைத் திரும்ப வாங்கும் நாள்களுக்குரிய பெயர் என்று கொள்ளலாம்.

வெளிநாட்டு நாட்காட்டிப் படங்களில் காடெல்லாம் செக்கச்செவேலெனத் தீப்பற்றியதுபோல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செந்நிறம் மஞ்சளைப்போல் முன்பே மறைந்திருப்பதன்று. இலை விழுமுன் புதிதாய் உண்டாவது. நம் ஊர்ப் பள்ளிக்கூட வளாகங்களில் நிற்கும் நாட்டு வாதுமையும் இவ்வாறே சிவந்து உதிர்கிறது. மற்றபடி நம் மரங்களில் பலவும் சிவப்பது பிறக்கும்போது. அரசந்தளிரையும் மாந்தளிரையும் வேப்பங்கொழுந்தையும் நினைத்துப் பாருங்கள். இளந்தளிருக்குச் செம்பு நிறம் தருவதும், அந்நாட்டுக் கிழ இலையைச் சிவக்கவைப்பதும் ஒரே வகை நிறப்பொருள்தான்.

சிறுவன் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியும் உண்டு. வறட்சிக்கு அஞ்சி இலை உதிர்த்த மரம், வறட்சி தீருமுன்னரே ஏன் துளிர்க்கிறது? பங்குனி வெயிலில், ஒரு துளி மழையும் இல்லாதபோது, புங்கமரம் எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கும் இலைகளோடு நிற்கிறதே! விடை ஓரளவு கிடைத்திருக்கிறது. இலைகள் விழுந்தவுடன் நீர்ச்செலவு நின்றுவிடுகிறது. ஆழ வேர்களோ சிறிது சிறிதாய் நீரைக் கொணர்ந்துகொண்டேயிருக்கின்றன. அதனால் வற்றிய தண்டு மீண்டும் நிரம்புகிறது. நிரம்பியதும் மொட்டு விரிகிறது. பகல் சில நிமிடங்களே நீண்டாலும் அதையும் சில வெப்பநாட்டு மரங்கள் உணர்ந்து துளிர்க்கின்றன என்று ஆய்ந்தோர் கூறுவர். முதல் மழை விழும்போது புதிய இலை முழுமையாய் விரிந்து காத்திருந்தால், அம்மழையின் பயன் ஒரு நாளும் வீணாவதில்லை.

மொட்டையாய் நிற்பதிலும் ஆதாயம் காணும் மரம் இலவு. நம் போடி, கடமலைக்குண்டு, வருசநாட்டுப் பக்கங்களில் இலவம்பஞ்சு பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. இலை இல்லாத கிளையில் பூ பூத்தால் வௌவால் இரவிலே தடையின்றி வந்து தேன் குடித்து மகரந்தத்தைப் பரப்பும். காய் வெடிக்கும்போதும் இலை குறுக்கே இராது. பஞ்சு விதையைச் சுமந்துகொண்டு காற்றோடு போகும். இலவு காத்த கிளி ஏமாந்ததாய்ப் பழமொழி சொல்கிறது. கிளிக்கென்று அந்தக் காய் வைக்கப்படவில்லை, காற்றுக்காக வைக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு கதை நம் திராட்சைத் தோட்டங்களில் நடக்கிறது. இதனை எழுதாமல் விடலாகாது. திராட்சை குளிர்நாட்டுக் கொடி. தன் தாயகத்தில் அது ஐப்பசி கார்த்திகையில் இலை உதிர்த்து உறங்கும். இளவேனிலில் விழித்துத் துளிர்க்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் கம்பம் பள்ளத்தாக்கிலே அதனை உறங்கவைக்கக் குளிரும் இல்லை, நீருக்கும் பெரிய குறைவில்லை. எனவே கொடி ஓயாமல் படர்ந்துகொண்டே போகும், காய்ப்பதை மறந்துவிடும். அதனால் சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் உள்ள நம் விவசாயிகள் அரிவாளும் கத்தரியும் எடுத்துக் கவாத்து செய்கின்றனர். மரம் தானே செய்யாத இலையுதிர் காலத்தை மனிதன் கையால் செய்கிறான்! கவாத்து முடிந்த தோட்டத்தைப் பார்த்தால் பந்தலில் காய்ந்த கயிறுகள்தாம் தொங்குகின்றன என்று தோன்றும். ஏறத்தாழ நான்கு திங்களில் குலை பழுத்துவிடும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒவ்வொரு திங்களில் கவாத்து நடப்பதால், ஆண்டின் எந்நாளிலும் ஏதேனுமொரு தோட்டத்தில் அறுவடை இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையின் பெருமைக்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பன்னீர் வகையை 1832இல் தமிழகத்துக்குக் கொணர்ந்தவர் ஒரு பிரெஞ்சுக் குரு என்று சொல்லப்படுகிறது. திருப்பலிக்கு இரசம் வேண்டுமென்று கொணர்ந்தாரோ, தம் ஊர் நினைவுக்குக் கொணர்ந்தாரோ, நாம் அறியோம். அவர் கொணர்ந்த கொடிக்கு இங்கே இலையுதிர் காலம் கிடையாது என்பதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இனி நம்முடைய ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குமுன், குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் உதவிப் பங்குக் குருவாய் இருந்தோம். குருக்கள் இல்லத்தின் பின்னே ஒரு பெரிய வாகை நின்றது. மாசி மாதம். ஓர் இலைகூட இல்லை. வெளுத்த நெற்றுகள் மட்டும் தொங்கி, இரவெல்லாம் காற்றில் கலகலவென்று ஓசையிட்டு நம் தூக்கத்தைக் கெடுத்தன. (அந்த ஓசைக்காக ஆங்கிலேயர் இம்மரத்துக்குப் 'பெண்களின் நாக்கு' என்று பெயரிட்டனர், பெயரிட்டவர் ஆடவராகவே இருத்தல் வேண்டும்.) மரம் பட்டுவிட்டது, கூரைமேல் சாய்ந்தால் ஆபத்து என்று நாமே முடிவு கட்டி, பங்குத் தந்தை வெளியூர் சென்றிருந்த வேளையில் மரம் அறுப்பவரை வரவழைத்தோம். முதியவர் அவர். அடியில் இரண்டு வெட்டு வெட்டியவர் கோடரியை நிறுத்தி, வெட்டுவாயில் விரலை வைத்துப் பார்த்து, "சாமி, இது பட்ட மரமில்ல, பச்ச மரம்" என்றார். விரலில் ஈரம் பளபளத்தது. நாம் குனிந்து பார்த்தோம். பட்டைக்குக் கீழே இளம்பச்சை வளையம் ஒன்று தெளிவாய்த் தெரிந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வெட்டு பாதிக்குமேல் போகவில்லை; மரம் பிழைத்திருக்கவும் கூடும். ஆனால் கூலி பேசியாகிவிட்டது, ஆள்கள் வந்துவிட்டனர், பார்த்துக்கொண்டிருந்தவர்கள்முன் நம் சொல்லை மாற்றிக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. "தொடங்கியதை முடியுங்கள்" என்றோம். அவர் ஒன்றும் பேசாமல் முடித்தார். ஊரிலிருந்து திரும்பிய பங்குத் தந்தை வெட்டிக் கிடந்த கிளைகளைப் பார்த்துவிட்டு, "இதன் நிழலில்தான் சித்திரை முழுதும் ஞாயிறு வகுப்பு நடக்கும்" என்று மட்டும் சொன்னார். அவ்வாண்டுச் சித்திரையில் பிள்ளைகள் வெயிலில் உட்கார்ந்தார்கள்.

ஆகவே அன்பர்களே, இத்திங்களில் உங்கள் வீட்டு வாசலிலோ வயல் வரப்பிலோ மொட்டையாய் நிற்கும் மரத்தைக் கண்டு 'பட்டுவிட்டது' என்று முடிவு கட்டுமுன், ஓர் இளங்கிளையில் நகத்தால் பட்டையைச் சற்றே சுரண்டிப் பாருங்கள். கீழே பச்சையும் ஈரமும் இருந்தால் மரம் உயிரோடிருக்கிறது. பழுப்பாய்க் காய்ந்திருந்தால் வேறு இரண்டு மூன்று கிளைகளிலும் பாருங்கள். ஒரு கிளை பட்டிருப்பது மரம் பட்டதாகாது.

உதிர்ந்த சருகைப் பற்றியும் ஒரு சொல். நம் பெண்மக்கள் விடியற்காலையில் கூட்டிக் குவித்து ஒரு தீக்குச்சி கிழித்துவிடுகின்றனர். மரம் மீட்டுக்கொண்டது போக மீதிப் பாதி சத்து அந்தச் சருகில்தான் இருக்கிறது. மண்ணோடு மக்கவேண்டிய தழைச்சத்து புகையாய்ப் போகிறது, வீட்டிலுள்ள ஆஸ்துமாக்காரருக்கு இருமலாய் வருகிறது. ஒரு மூலையில் குழி வெட்டிச் சருகும் சாணமும் மாறிமாறி இட்டு நீர் தெளித்து வாருங்கள்; அடுத்த மழைக்குள் எருவாகிவிடும்.

காட்டோரத்தில் வாழ்வோர்க்கு இது எருவைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. 2018 மார்ச் 11ஆம் நாள், தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. போடிக்கு மேலே குரங்கணி மலையில் நடைப்பயணம் வந்திருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோட்டுப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள், பெரும்பாலோர் இளைஞர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புல்லும் சருகும் முழங்காலளவு கிடக்கும் மாசி பங்குனியில் சரிவான மலையில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை, ஓடுகின்ற மனிதன் வெல்வது அரிது. ஆகவே இந்நாள்களில் மலையடிவாரத் தோட்டங்களில் குப்பை கொளுத்துவதையும், பீடியை அணைக்காமல் எறிவதையும் அறவே விட்டுவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக, நம் கோயில் முற்றத்து வாகையைப் பற்றி. சருகு கூரை வாய்க்காலை அடைக்கிறது என்றும், நெற்று ஓசை பூசை நேரத்தில் இடையூறாயிருக்கிறது என்றும், மரமே பட்டுவிட்டது போலிருக்கிறது என்றும், அதனை வெட்டிவிட வேண்டுமென்று சென்ற பங்குப் பேரவைக் கூட்டத்தில் சிலர் எடுத்துரைத்தனர். சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். வாய்க்காலை வாரம் ஒருமுறை தூர்வார இளைஞர் இயக்கத்தினர் இசைந்துள்ளனர். நேற்று மாலை அந்த ஆறாம் வகுப்புச் சிறுவனை அழைத்து, தாழ்ந்த கிளை ஒன்றில் பட்டையைச் சுரண்டச் சொன்னோம். சுரண்டினான். பச்சையாய் இருந்தது. "அப்படியென்றால் புத்தகம்தான் தப்பா, சாமி?" என்று மறுபடியும் தொடங்கினான். இப்பகுதியை அவனுக்கே முதலில் படிக்கக் கொடுத்திருக்கிறோம். மரத்தை வெட்டுவது குறித்த விவாதம் சித்திரைத் திங்கள் கழிந்தபின் எடுத்துக்கொள்ளப்படும் என்று பேரவைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டுள்ளோம்.